இடிந்த சுவருக்கு நிவாரணம்

புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கவலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எழுபதுகளின் பின்பாதியில், ஓர் ஐப்பசிக் கடைசியில், அது கரையேறி, செஞ்சியைத் தாண்டி வந்து, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு முன்சுவரைத் தள்ளிவிட்டுப் போனது. மண்சுவர். மலை சுற்றும் பாதையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்பா இல்லை. வயசுப் பெண்ணான நானும் அம்மாவும் ஒரு கறவைப் பசுவும்தான் குடும்பம். பால் பாதையோர டீக்கடைக்குப் போகும். அந்தக் காசில்தான் அரிசி வரும்.

வீடு இடிந்தவர்களுக்கு உதவ அரசாங்கம் அவசர நிதி ஒதுக்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை. அதுவரை அரசாங்கம் எங்கள் தெருவுக்குக் கொடுத்தது ஓர் அடிபம்பு, அதிலும் காற்றுதான் வரும்.

நிதிக்கு முன்னால் ஜீப் வந்தது. தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் செருப்பில் சேறு படாமல் இறங்கி, எங்கள் சுவர் மண்ணைக் குடையால் குத்திக் காட்டினார்.

"தீபம் வருது. ஜனம் மொத்தமும் சுத்தற பாதை இது. உடனே அள்ளுங்க."

"நிவாரணம் குடுக்கறாங்கனு சொன்னாங்களே சார்" என்றாள் அம்மா.

"அதெல்லாம் வரும். மொதல்ல வழியைக் காலி பண்ணுங்க. இல்லாட்டி ஃபைன்."

அள்ளினோம். முன்சுவர் இல்லாத வீட்டில், போகிற வருகிற கூட்டம் வேடிக்கை பார்க்க, இரண்டு பெண்கள் எப்படிப் படுப்பது? அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை தீபம். எங்கள் ஊரில் சோற்றுக்கு இல்லாதவன்கூடக் கார்த்திகைக்கு வெள்ளையடித்துவிடுவான். மலைமேல் தீபம் தெரியும்போது இடிந்த வாசலில் அகல் வைப்பதா என்று அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலத்தில் மண்சுவர் வைத்தால் காயாது, செங்கல்தான் வேண்டும். அதற்காகப் பசுவைக் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவரிடம் விற்றாள்.

"நிவாரணம் வந்ததும் துட்டைக் குடுத்துட்டு ஓட்டிகினு போயிடறேன். யாருக்கும் தள்ளிடாதீங்க" என்றாள்.

தை பிறக்கும்வரை வைத்திருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். இதில் வந்தவர்களில் அவர் ஒருவர்தான் மனுஷன்.

சுவர் எழும்பியது. வெள்ளையடித்தோம், அகல் ஏற்றினோம். தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அதே ஜீப், அதே ஆள். இப்போது கக்கத்தில் ஃபைல். சேதம் பார்க்க வந்தாராம். புதுச் சுவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கம்மா இடிஞ்சிருக்குது?"

"இதுதாங்க. நீங்கதானே அள்ளச் சொன்னீங்க?"

"அது தீப டூட்டி. இது புயல் டூட்டி. நிக்கிற செவுத்தை இடிஞ்சுதுனு எப்படிம்மா எழுதறது? கண்ணால பாத்ததைத்தான் எழுதணும்."

"அன்னிக்குப் பாத்தது உங்க கண்ணு இல்லையா சார்?" என்று கேட்டேன்.

அவர் ஃபைலோடு அடுத்த வீடுகளைப் பார்க்க நடந்தார். நான்கு வீடு தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகை, நான் பிறப்பதற்கு முன்பே விழுந்தது. சொந்தக்காரர் பசையுள்ள ஆள், அதை அப்படியே போட்டு வைத்திருந்தார். அது ஃபைலில் ஏறியது. புயலில் முழுச் சேதம்.

அந்த ஆளை அன்று வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். வயசானால் மனசு இளகும் என்கிறார்கள், எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் லஞ்சம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காறித் துப்பவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். சட்டப்படி எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, எங்கள் வாசலுக்கே திரும்பி வந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குது. மாட்டுத் தொட்டி இருக்குதே, ஒரு டம்ளர் மோர் குடும்மா."

அம்மா குரலை உயர்த்தவில்லை. வெள்ளையடித்த சுவரைக் கையால் காட்டினாள்.

"அதுக்குள்ளதான் இருக்குது. சொரண்டிக் குடிங்க."