பானைக்குத் தெரியும்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம். மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த அச்சாபீஸ் முதலாளி குடும்பத்தோடு காஞ்சிபுரம் போய்விட்டார். எழுத்துக் கோக்கிறவர்களும் போய்விட்டார்கள். ஆபீஸைப் பார்த்துக்கொள்ள நானும், மிஷின் உருளை கழுவுகிற பெரியவரும் மட்டும்தான்.

அவர் சேரியிலிருந்து வருகிறவர். உள்ளே இருக்கும் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. தாகமெடுத்தால் கூடத்து வாசற்படியோரம் நின்று கைகளைக் குவிப்பார். யாராவது மேலேயிருந்து ஊற்றவேண்டும். நாங்கள் சாந்தோம் மாதாகோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அதனால் அந்த வேலையை என் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் வீட்டில் என் சம்சாரத்துக்கு ஜுரம். ஜெபமாலை சொல்லி, கஞ்சி வைத்துக் கொடுத்து, மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பினேன். மாட வீதியில் ஆள் இல்லை. பூட்டின கதவுகளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மாடு கத்திக்கொண்டிருந்தது. தெருக்குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

ஆபீஸுக்குள் சத்தமே இல்லை. பெரியவர் வாசற்படியோரம் கைகளைக் குவித்தபடி நின்றுகொண்டிருந்தார். எதிரே பானை, நிறையத் தண்ணீர். உதடு வெடித்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ, கண் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருமில்லையே அண்ணே, மொண்டு குடிக்கக்கூடாதா?" என்றேன்.

"பானைக்குத் தெரியும் நைனா. அவுங்க வந்தா சொல்லிப்புடும். வேலை பூடும். இந்த வயசுல யாரு என்னைச் சேத்துக்குவா?"

கர்த்தரே என்று சொல்லிக்கொண்டு செம்பை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கூடத்தில் எழுத்துக் கோக்கிறவர்கள் உட்காரும் காலி முக்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க எனக்கும் அவற்றில் ஆட்கள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பிறகு மொண்டு குடித்தார். அதே செம்பில் நானும் குடித்தேன்.

மழைக்காலத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். வந்ததும் முதலாளி பானையை யாராவது தொட்டார்களா என்றுதான் கேட்டார். பெரியவருக்குப் பொய் வராது. தொட்டேன் சாமி என்று சொல்லிவிட்டார். முதலாளி பானையைச் சந்தில் போட்டு உடைக்கச் சொன்னார், அவரைக் கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொன்னார். நான்தான் கொடுத்தேன், நானும் குடித்தேன் என்றேன். தெருக்கிணற்றில் யாரும் மொள்ளலாம் என்று சட்டமே வந்திருக்கிறதே என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அது தெருக்கிணத்துக்கு. இது என் இடம்," என்றார்.

ஆனாலும் ஆள் பற்றாது. அதனால் அவரை அனுப்பவில்லை. புதுப்பானை வந்தது, அதை நானும் தொடக்கூடாது என்றார்கள். அன்றிலிருந்து வாசற்படியோரம் நாங்கள் இரண்டு பேராக நின்றோம், கைகளைக் குவித்துக்கொண்டு. முக்காலியிலிருந்து ஒருவர் எழுந்து வந்து ஊற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி. சிலுவை போட்டுக்கொள்ள விரலை நனைக்க வேண்டும். கை தொட்டிக்குள் போகவில்லை. யாரோ மேலேயிருந்து ஊற்றட்டும் என்பதுபோல இரண்டு கைகளும் தாமாகக் குவிந்து நின்றன. பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.