தோலுக்குள் ஊர்ந்த சிவப்புக் கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டும் ஈரம் காயாத ஐப்பசி மாதம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் நான். ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே ஓர் அக்கா நடத்தும் நாய்கள் காப்பகத்துக்கு உதவிக்குப் போவேன். ஆறு வயது மகளும் வருவாள். குட்டிகளோடு மண்ணில் புரண்டால்தான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை.

அங்கே உதவிக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ஷூ கம்பெனி ஆட்கள். காலில் நல்ல தோல் செருப்பு இருக்கும். நாய்கள் விடுமா? கடித்துக் குதறிவிடும். அதனால் செருப்பை கேட்டில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். செருப்பைக் காப்பாற்றக் காலைக் கொடுத்த புத்திசாலிகள்!

ஒருநாள் பாதத்தில் அரிப்பு. எங்கள் ஊரில் எங்கே அரித்தாலும் பழி தோல் பதனிடும் ஷாப் கெமிக்கல் மேல்தான். நானும் கம்பெனிப் பசையைத் திட்டிக்கொண்டே பத்து நாள் களிம்பு தடவினேன். அரிப்பு நகர்ந்தது. சிவப்பாக ஒரு கோடு, வளைந்து வளைந்து தினமும் நீண்டது. காட்பாடி ரயில் பாதை என்று சொல்லி எல்லோருக்கும் காட்டிச் சிரித்தேன்.

வேலூரில் தோல் டாக்டரம்மா பார்த்ததுமே கேட்டார், "நாய்ங்க இருக்கிற இடத்துல வெறுங்கால்ல நடப்பீங்களா?"

நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவாம். மலத்தில் வரும் முட்டை ஈரமண்ணில் பொரிந்து, வெளிவரும் குஞ்சுப்புழு பாதத்தின் வழியே நுழைந்துவிடுமாம். "ஷூ கம்பெனியிலயா வேலை? நல்லா இருக்கு சார்!" என்று சிரித்தபடி மாத்திரை எழுதினார்.

அடுத்து அவர் சொன்னதில் என் சிரிப்பு நின்றது. குட்டிகளிடம் உருண்டைப்புழுவும் இருக்கும். மண் பட்ட கையைக் குழந்தை வாயில் வைத்தால், அரிதாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும். என் மகளின் விரல் எந்நேரமும் வாயில்தான். மறுநாளே அவளைக் காட்டினேன். நல்லவேளை, ஒன்றுமில்லை.

அக்காவிடம் சொன்னால் கோபம்.

"இன்னாப்பா, புள்ளைங்க மாரி வச்சிக்கினு இருக்கேன், புழுன்றியே! வெளிய தெரிஞ்சா எடத்த காலி பண்ண சொல்வாங்க."

"அதான்க்கா, தெரியறதுக்குள்ள புழுவ காலி பண்ணலாம்" என்று காலைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்த அக்கா, "சரி, டாக்டர கூப்புடு" என்றார்.

கால்நடை மருத்துவரை வரவழைத்து, இருபத்து மூன்று நாய்களுக்கும் எடை பார்த்து மருந்து கொடுத்தோம். ஒன்று என் முகத்திலேயே துப்பியது. திரும்பக் கொடுத்தேன். அவர் சொன்ன கெடு வந்ததும் மறுபடியும் அதே போராட்டம். தினமும் காலையில் மலத்தை அள்ள வேண்டுமென்றும், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாதென்றும் ஏற்பாடு. மகள் அழுதாள்; மருத்துவர் சரி சொல்லும்வரை அழைத்துப் போகவே இல்லை.

மருந்து கொடுத்த முதல் நாள் அந்தக் கால்நடை மருத்துவர் ஒரு குட்டியின் உதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு வெளுத்திருந்தது. புழு ரத்தம் குடித்ததில் சோர்ந்து கிடந்த அதைத்தான், "எவ்ளோ சாது!" என்று மாதக்கணக்கில் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன். இன்றும் எந்தக் குட்டியைத் தூக்கினாலும், கொஞ்சுவதற்கு முன் ஈறைப் பார்க்கச் சொல்கிறது அந்த வெட்கம்.