கன்னத்தில் ஓர் இலை

வாசுகி வீட்டை விட்டுக் கிளம்பிய காலையிலும் பரஞ்சோதியின் உதட்டில் சிகரெட் புகைந்துகொண்டுதான் இருந்தது. பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. பாலிங்கிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பி சுகுமாரன் காடியின் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். பரஞ்சோதி ஒரு கண்ணைப் புகைக்குச் சுருக்கியபடி மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அத அணைச்சிட்டு என் பேக்கத் தொடுங்க," என்றாள் வாசுகி.

அவர் சிகரெட்டை அணைக்கவில்லை. பையைக் கீழே வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. "கை அப்புடிப் பழகிடுச்சி லா," என்கிறார்.

வாசுகிக்கு ஆஸ்துமா. கைப்பையில் சில்லறைக்குப் பக்கத்தில் நீல நிற பம்ப் எப்போதும் இருக்கும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சாம்பல் கிண்ணங்களைத் தூக்கி எறிந்தும் பார்த்தாள். கடைசியில் சண்டை இல்லாமலே கிளம்பினாள். காடிக்குள் உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி, "கோவிச்சிக்கிட்டுப் போவல. மூச்சு வுடப் போறேன். வீட்டுல பொக நின்னா சொல்லி அனுப்புங்க, வரேன்," என்றாள். கண்ணாடி ஏறியது.

பரஞ்சோதிக்கு ஐம்பத்தேழு வயது. கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் புல் வெட்டுகிறார். கோயில் திடல், தமிழ்ப்பள்ளியின் வேலியோரம், தாமான் குடியிருப்புகளில் ஆளில்லாத மூலை வீடுகள், தோட்ட ஆபீசைச் சுற்றியுள்ள மேடு எல்லாம் அவருடைய எல்லை. மெஷினை முதுகில் மாட்டுவதற்கு முன்னால் உர மூட்டைப் பிளாஸ்டிக்கை முழங்கால் வரைக்கும் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுவார். முகத்துக்கு வலை. பெட்ரோல் ஊற்றும்போது மட்டும், எரியும் சிகரெட்டைப் பத்தடி தள்ளி ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வருவார். ஊற்றி முடித்ததும் போய் எடுத்துக்கொள்வார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் சேஃப்டி.

மனைவி போன பிறகு அவர் சிகரெட்டை விடப் பார்த்தார். புளிப்பு மிட்டாயைச் சப்பினார். வாயின் மேலண்ணம் புண்ணானதுதான் மிச்சம். அரசாங்க கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கொடுத்த நிகோட்டின் பிளாஸ்திரியைத் தோளில் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் சிகரெட்டும் பிடித்து, தலை சுற்றிக் கோயில் திடலில் உட்கார்ந்துவிட்டார். பூசைக்கு வந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

கடைசியில் சிகரெட்டை மறக்கடித்தது ஓர் இலை. அதைக் கொடுத்தவர் சுல்கிப்லி பாய். மெஷின் பழுது பார்க்கிறவர். ஒருநாள் அவருடைய கடையில் பரஞ்சோதி புல் வெட்டும் மெஷினில் நைலான் கயிற்றைக் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"ரோக்கோ ஊதுறத வுட்டுட்டேன் பாய்."

"அல்ஹம்துலில்லா. எப்ப?"

"காலையில."

பாய் சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டி நின்ற மரத்திலிருந்து ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு வந்தார். உள்ளங்கையைவிட அகலமான, பளபளப்பான இலைகள். அடிப்பக்கம் நரம்பு சிவப்பாக ஓடியது.

"இது கெத்தும் ஆச்சே பாய். மாத்தா புடிச்சிட்டுப் போயிடுவான்."

"காச்சிப் பொட்டலம் போட்டு வித்தாப் புடிப்பான். நீங்க ஆடு மாதிரி ஒரு ஓரமா மென்னுக்கிட்டு இருந்தா எவன் வந்து வாய மோந்து பாக்கப் போறான்? எங்க ஊரு கம்பத்துல வயல்ல நிக்கிற பெருசுங்க எல்லாம் இதான். பொகை இல்ல, நெருப்பு இல்ல."

சட்டம் பாய் சொன்ன அளவுக்கு இளகியது அல்ல. இந்த நாட்டில் அந்தப் போதை இலையை வைத்திருப்பதே மாத்தாவோடு, அதாவது போலீசோடு, வம்புதான். பரஞ்சோதிக்கும் அது தெரியும். ஆனால் 'பொகை இல்ல' என்ற இரண்டு சொற்களுக்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

இப்போது அவர் இலை மெல்லுவதைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. கொழுந்து அவருக்கு ஆகாது, முற்றிய இலைதான் வேண்டும். சட்டையில் துடைத்து, நடுநரம்பை ஒட்டி மடித்து, காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் நரம்பை உருவி எறிவார். மீதியைச் சுருட்டி, ஒரு சிட்டிகை உப்பு வைத்து, இடது கன்னத்தில் அடக்குவார். முதல் கடியில் முகம் ஒரு பக்கமாகக் கோணும். "வேப்பங்கொழுந்து கசப்புன்னா இது கோவம்," என்பார். சாறு மட்டும் உள்ளே போகும், சக்கையைத் துப்பிவிடுவார். அதன்மேல் சுடச்சுட ஒரு கோப்பி, சீனி இல்லாமல். குளிர்ந்த தண்ணீர் பக்கம் போக மாட்டார்.

அப்புறம் வெயில் அவருக்கு ஒரு பொருட்டில்லை. மற்றவர்கள் மதியத்தில் மர நிழலைத் தேடும்போது அவர் திடலின் நடுவில் மெஷினை வீசிக்கொண்டிருப்பார். மழைதான் பகை. மேகம் கறுத்தாலே தோள்கள் குறுகும். தூறல் விழுவதற்கு முன் கூரையைத் தேடி ஓடிவிடுவார். குளிப்பதும் வெந்நீரில்தான், அதுவும் மனசு வந்தால். வயிறு சில நாட்கள் பூட்டிக்கொள்ளும். அதற்காகப் பப்பாளிப் பழத்தோடு வீடு போவார். நிறம் இன்னும் கறுத்துவிட்டது. "கண்ணாடி பாத்தா பல்லு மட்டுந்தான் தெரியுது. அதுவும் பச்சையா," என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தூரத்து மலைநாடுகளில் பஸ் ஓட்டுகிறவர்கள்கூட மேடு ஏறும்போது இப்படித்தான் கன்னத்தில் ஏதோ ஓர் இலையை அடக்கிக்கொள்கிறார்கள் என்று சொன்னால், பரஞ்சோதி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "அங்கயும் பொண்டாட்டி திட்டுவாளா?"

அவர் கோப்பி குடிக்கும் கடை ரஹீமாவுடையது. அவரைப் பார்த்தாலே ரஹீமாவுக்கு வாய் துறுதுறுக்கும்.

"என்னாண்ணே, புல்லு வெட்டுறீங்களா, மேயுறீங்களா?"

"மேயுற ஆட்டுக்குக் கூட ஜோடி இருக்குது தங்கச்சி. கோப்பியப் போடு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொன்ன பிறகு சீனி போடாத கோப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருப்பார்.

சிகரெட் நின்று சில வாரங்கள் கழித்து அவர் வீட்டைக் கழுவத் தொடங்கினார். திரைச்சீலைகளை ஊறவைத்தார். தண்ணீர் தே ஓ நிறத்தில், பால் கலக்காத தேநீர் போல வந்தது. நாற்காலிமேல் ஏறிக் கூரைப் பலகையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். முன்னறைச் சுவருக்கு வெள்ளை அடித்தார். தலையணைகளை வெயிலில் போட்டுப் போட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் மூக்கில் அழுத்தி முகர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டு மருதம்மாளைக் கூப்பிட்டு, "உள்ள வந்து ஒரு மூச்சு இழுத்துப் பாரு. பொக வாசன இருக்கா?" என்று கேட்டார்.

"சோப்பு நாத்தந்தான் அடிக்குது," என்றாள் மருதம்மாள்.

அது போதும் என்று சித்திரை பிறந்ததும் பாலிங்குக்குக் கிளம்பினார்.

பிறந்த வீட்டில் தங்கிவிட்ட மனைவியை அழைக்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஆரஞ்சு, தேங்காய், பூ, பாக்கு எல்லாம் வாங்கினார். பாசாரில் வெற்றிலை வாங்கினார், கடைக்காரர் நாளிதழில் சுருட்டிக் கொடுத்தார். வழியில் மெல்லுவதற்குத் தன்னுடைய இலைகளையும் எடுத்துக்கொண்டார். வாடாமல் இருக்க அதையும் ஈர நாளிதழில் சுருட்டினார். இரண்டு சுருளும் ஒரே பைக்குள் போயின.

சுகுமாரனின் மனைவி ஷீலா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டவுன் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். வெற்றிலை போடுகிற பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் இல்லை. இரண்டு சுருளையும் பிரித்து, சின்ன இலைகளைக் கீழேயும் பெரிய இலைகளை மேலேயும் விசிறி போல அடுக்கி, நடுவில் பாக்கையும் பூவையும் வைத்து, தட்டைக் கொண்டு வந்து முன்னறையில் எல்லார் நடுவிலும் வைத்தாள்.

"மாமா நல்லா பெரிய வெத்தலையா பாத்து வாங்கியாந்திருக்காரு," என்றாள்.

சுகுமாரன் ரேலா என்ற ஊர்க்காவல் படையில் தொண்டூழியன். சாலைத் தடுப்புகளில் போலீசோடு நின்று எத்தனையோ பைகளைப் பிரித்தவன். மேலிருந்த இலையை எடுத்துத் திருப்பினான். சிவப்பு நரம்பில் விரலை ஓட்டினான்.

"மச்சான், இது எந்தக் கடை வெத்தல?"

பரஞ்சோதி தட்டைப் பார்த்தார். பிறகு கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"அது வந்து மாப்ள, ரோட்டுக்கு."

"ரோட்டுக்கா?"

"வர்ற வழியில மெல்ல."

முதலில் சிரித்தது வாசுகிதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தாம்பூலத் தட்டுல கெத்தும் வெச்சிப் பொண்டாட்டியக் கூப்புட வந்த ஆளு, இந்தக் கெடாவுலயே இவரு ஒருத்தராத்தான் இருக்கும்." ஷீலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, வாசுகி பம்ப்பை எடுத்து இரண்டு முறை அழுத்தினாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வாயத் தொறங்க."

திறந்தார்.

"பொக நின்னுடுச்சி வாசுகி. பொய் சொல்லல. வந்து மோந்து பாரு, சொவரு கூட சோப்பு வாசன அடிக்குது."

"பொக நின்னுச்சி, சரி. நாளைக்கு மாத்தா வந்து உங்கள அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனா, அந்த வீட்டுல நான் தனியா மூச்சு வுட்டு என்ன பண்ணட்டும்?"

வாசுகி பழத்தையும் பூவையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டாள். மற்றதை அதே நாளிதழில் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"அதோட ரோட்டுல ஏறாதீங்க மச்சான்," என்றான் சுகுமாரன். "இன்னிக்குத் தடுப்பு இருக்கு. சொல்றது உங்க நல்லதுக்கு."

சுருளை அவன் வீட்டு வாழைக்கடியில் போட்டுவிட்டுத் தனியாக மோட்டார் சைக்கிளை எடுத்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூக்கு ஒழுகியது, முட்டி இரண்டும் கழன்று விழுவது போல வலித்தது, கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றபோதுதான் அது மழையால் வந்தது அல்ல, இலை இல்லாததால் வந்தது என்பது அவருக்கு உறைத்தது. இப்போது அதைப் பற்றிப் பேசும்போது அவர் யாரையும் குறை சொல்வதில்லை. "ரோக்கோ கழுத்தப் புடிச்சி நெரிச்சிச்சி. இது அப்புடி இல்ல. தோள்ல கையப் போட்டுக்கிட்டுக் கூடவே நடக்குது. ஆனா கைய எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டுது லா," என்கிறார்.

அதற்குப் பிறகு வாசுகியிடமிருந்து நேராக ஒரு வார்த்தையும் வரவில்லை. ஷீலா எப்போதாவது போன் செய்து, அண்ணி நன்றாக இருக்கிறாள் என்பாள். பரஞ்சோதி காலை இலையை நிறுத்திப் பார்த்தார், மாலை இலையை நிறுத்திப் பார்த்தார். வேலை இல்லாத நாட்களில் மட்டும் எப்படியோ நிறுத்திவிட்டார். அந்த நாட்களில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. "முழுசா வுட வேண்டியதுதானே அண்ணே?" என்று ரஹீமா ஒருமுறை கேட்டபோது, "வுட்டுட்டு எத மெல்ல? காத்தையா?" என்று சீறினார். மறுநாள் கோப்பிக்கு வந்தபோது ஒரு பப்பாளிப் பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அந்த அளவுக்குத்தான் வரும். மரத்தைப் பற்றி யாரோ தகவல் கொடுத்துவிட்டார்கள் என்று பாய் ஒருநாள் பயந்து பாதிக் கிளைகளை வெட்டிப்போட்டார். ஒருவரும் வரவில்லை. கிளைகள் மறுபடி வளர்ந்தன.

அடுத்த பொங்கலும் போய், ஒரு தீபாவளியும் கடந்தது.

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத தமிழ்ப்பள்ளியின் வேலியோரம் அவர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் போன் அதிர்ந்தது. மெஷினை அணைத்து, முகவலையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வாசுகி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு சந்தை மேசை. பயற்றங்காய்க்கும் துளசிக் கட்டுக்கும் நடுவில், ரப்பர் வளையம் போட்ட கெத்தும் இலைக் கட்டுகள் வரிசையாக இருந்தன. படத்துக்குக் கீழே அவள் பேசி அனுப்பிய குரல்.

"என்னாங்க, தம்பி குடும்பத்தோட பெத்தோங் வந்திருக்கேன். தாய்லாந்துல நிக்கிறேன். படத்தப் பாத்தீங்களா? உங்க இலை. இங்க சட்டமே மாறிப்போச்சாம், கீரக்கட்டு மாதிரி பொம்பளைங்க உக்காந்து விக்கிறாங்க. ஒரு மலையத் தாண்டுனா கீரை, நம்ம பக்கம் மாத்தா. என்னாத்த சொல்றது. விக்கிற பொம்பளகிட்ட மலாய்ல கேட்டேன், உன் புருசனும் மெல்றானான்னு. தலையில அடிச்சிக்கிட்டா. ரெண்டு பேரும் சிரிச்சோம்." பின்னால் ஒரு மோட்டார் சத்தம் கடந்துபோனது. "நான் வாங்கல. கொண்டாரவும் மாட்டேன். ஞாயித்துக்கெழம தம்பி என்னைய அங்க கொண்டாந்து வுடுறேங்கிறான். வரட்டுமா? இப்ப உங்க வாயில என்னா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பரஞ்சோதி அதை இன்னொரு தடவை கேட்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அழுத்திய பிறகுதான் கன்னம் நிறைய இலை இருப்பது தெரிந்தது. வேலிப் பக்கம் திரும்பித் துப்பினார். ஒட்டிக்கொண்டிருந்ததை ஆள்காட்டி விரலால் வழித்து, இன்னொரு முறை பலமாகத் துப்பினார். பேச வாயைத் திறப்பதற்குள் பொத்தானிலிருந்து கட்டைவிரல் வழுக்கிவிட்டது. துப்பிய சத்தம் மட்டும் பதிலாக மலையைத் தாண்டிப் போனது.