குளிரின் மேல் போட்ட பழி

என் கணவர் துவக்குச் சுடப் போய்வருகிறார் என்பது எங்கள் சொந்தக்காரர் எவருக்கும் தெரியாது. ஊரில் போர்க்காலத்தில் துவக்குக்குப் பயந்து இந்தக் குளிர் நாட்டுக்கு ஓடிவந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறையில் கிடந்த மனிதர், பிக்கரிங்கில் வீடு வாங்கியபின் லைசன்ஸ் எடுத்துக் கைத்துவக்கும் வாங்கினார் என்றால் சனம் சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கேட்டால் ஜிம்முக்குப் போய்விட்டார் என்பேன். அவருடைய வயிற்றைப் பார்த்தவர்கள் அதை எப்படி நம்பினார்களோ தெரியாது.

சுடுவது குறி அட்டைக்கு மட்டும்தான். விட்பிக்கு வடக்கே, திறந்த வெளியில் ஒரு கிளப். கோடையில் அவர் போடும் ஓட்டைகள் எல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கிவிடும். பனிக்காலத்தில் அந்த ரோட்டில் அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் போய்க் காருக்குள் இருப்பேன்.

போன குளிர்காலம் ஓட்டைகள் சிதறத் தொடங்கின.

"குளிருக்கு விரல் விறைச்சுப் போகுதப்பா. விசையை எவ்வளவு அமத்திறன் எண்டே தெரியேல்லை. கையுறை போட்டா இன்னும் மோசம்" என்றார்.

துவக்குக்குள் எண்ணெய் இறுகுகிறது, வெடிமருந்து மந்தமாக எரிகிறது, பெரிய கோட்டுக்குள் தோள் மடங்குவதில்லை என்று வாரத்துக்கொரு காரணம் வந்தது. ஒன்றும் பொய்யில்லை. பக்கத்தில் சுட்ட வெள்ளைக்காரரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவருடைய ஓட்டைகள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன, அவ்வளவுதான். இவருடையதில் பாதி அட்டையிலேயே படவில்லை.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று நான் பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார்.

வீட்டில் ஹீற்றர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவருடைய தேத்தண்ணி மேசையில் சிந்தியது. நான் துடைத்தேன். குளிர் போகட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் வந்தது. கோட்டும் இல்லை, கையுறையும் இல்லை, நல்ல வெயில். அவர் சுட்டுவிட்டு வந்து அட்டையை என் மடியில் வைத்தார். குளிர்காலத்தில் இருந்ததைவிட மோசம். அவருடைய வலதுகைப் பெருவிரல் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"இண்டைக்குக் குளிரில்லை" என்றார்.

டொக்ரர் பார்க்கின்சன் நோய் என்றார். இவர் வீட்டுக்கு வந்து துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இப்போதைய சட்டப்படி அதை இன்னொருவருக்கு விற்கவும் முடியாது, பொலிசிடமே கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கவலை அதுவல்ல. ஓகஸ்ற்றில் எங்கள் ஒரே மகளுக்குக் கலியாணம்.

"தகப்பனுக்கு இப்பிடி எண்டு தெரிஞ்சா, பரம்பரை வருத்தமோ எண்டு மாப்பிள்ளை வீட்டிலை கேப்பினம். தாலி ஏறட்டும், பிறகு சொல்லுவம். பிள்ளைக்கும் இப்ப சொல்லவேண்டாம்."

எங்கள் சனத்துக்கே உரிய புத்தி. எனக்கும் அதே புத்திதான், ஓம் என்றேன்.

மண்டபத்தில் தாரைவார்க்கும் நேரம். மகளின் கையை அவர் ஏந்திப் பிடிக்க, நான் செம்பால் நீர் வார்க்க வேண்டும். அவர் கை ஆடியது. அதற்குள் இருந்த மகளின் கையும் ஆடியது. முதல் துளிகள் மணவறைப் பலகையில் தெறித்தன. மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, ஆர் யூ கோல்ட்?"

"ஓம் பிள்ளை, ஏசி கூடிப்போச்சு."

மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனுசன். உடனே எழும்பிப் போய் ஏசியை நிற்பாட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மண்டபம் புழுங்கி, சனம் கலியாண அழைப்பிதழால் விசிறத் தொடங்கியது. ஐயரின் முகத்தில் வியர்வை வழிந்தது. மகள் தகப்பனின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திச் சூடாக்கிக்கொண்டே இருந்தாள். அதன் ஆட்டம் நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து நீரை வார்த்தேன்.