மூன்றாவது கறுப்புப் பெட்டி

எண்பதுகளில் எங்கள் கரைக்கு வந்த புதிய போட் எஞ்சின்களில் பொறியைத் தட்டிவிடும் பொயின்ட் என்ற தகடுகள் இல்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் வேலையை உள்ளங்கை அளவான ஒரு கறுப்புப் பெட்டி செய்தது. உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருந்தார்கள். திறக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. கல்முனையில் எஞ்சின் திருத்தும் கடை வைத்திருந்த நான் அதைத் திட்டாத நாளில்லை. பொயின்ட் கறுத்தால் அரத்தால் தேய்த்து விடலாம். இது செத்தால் கடலில் வீச வேண்டியதுதான் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னேன்.

என் தங்கையின் கணவர் அப்படியொரு எஞ்சின் வாங்கியிருந்தார். ஒரே பருவத்தில் இரண்டு பெட்டிகள் போய்விட்டன. மூன்றாவதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கொண்டு வந்தார். ஜும்ஆத் தொழுகை நாளென்பதால் வெள்ளியில் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. பழுதான எஞ்சின்களெல்லாம் அன்றைக்குத்தான் என் கடைக்கு வரும்.

"இதுவும் போனா எஞ்சின வித்துப்போட்டுத் துடுப்பு வலிக்கப் போறன் மச்சான்."

"இப்பவே வித்துருங்க," என்றேன்.

காரைதீவில் றேடியோ திருத்துகிற ஒருவர் குறடு இரவல் கேட்டு வந்து நின்றார். என் வயதுதான், ஆனாலும் அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் புதுப் பெட்டியைப் பூட்டினேன். பிளக் வயரைக் கழற்றி, எஞ்சினிலிருந்து மூன்று விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மச்சானைக் கயிற்றை இழுக்கச் சொன்னேன். பொறி எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளின் சோதனை. றேடியோக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இழுக்க உடாதீங்க காக்கா."

"றேடியோக்காரனுக்கு எஞ்சின்ல என்ன வேல?"

அவர் என் மணிக்கட்டை விட்டார். மச்சானிடம் கேட்டார். "முந்தின ரெண்டும் கடல்லயா நிண்ட?"

மச்சான் யோசித்தார். "இல்ல. கடல்ல ஒருநாளும் நிக்கல்ல. ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டமெண்டு இஞ்ச கொண்டுவந்தன். இவர் பாத்த பொறகுதான் ரெண்டும் செத்த."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் கடையை விட்டுத் துரத்தியிருப்பேன். ஆனால் மச்சான் சொன்னது உண்மை.

றேடியோக்காரர் குரலை உயர்த்தாமல் விளக்கினார். பொயின்ட்டை இந்தச் சோதனை ஒன்றும் செய்யாது. இந்தப் பெட்டியின் பொறிக்கு வேகம் அதிகம். இறங்க இடம் கிடைக்காவிட்டால் பெட்டிக்குள்ளேயே திரும்பி அடித்து அதைச் சாகடித்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். எண்ணெய்க் கரி அப்பிக் கிடந்தது. ஸ்டார்ட் எடுக்காததற்குக் காரணம் அதுதான். அதைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. அவர் கரியைச் சுரண்டி, வயரை மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சினில் படும்படி வைத்தார்.

"ரெண்டையும் நான்தான் கெடுத்த," என்றேன் மச்சானிடம்.

"அது விளங்கிட்டு. தள்ளி நில்லுங்க, கயிறு படும்."

இழுத்தார். நீலமாகப் பொறி அடித்தது. பிளக்கைப் பூட்டிவிட்டு இழுத்தபோது இரண்டாம் இழுவையில் எஞ்சின் பிடித்தது.

அந்த எஞ்சினை மச்சான் விற்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலை உப்புத் தின்று முடித்த பிறகும் பெட்டி நன்றாகவே இருந்தது. கழற்றி இன்னொன்றில் பூட்டினேன். நடந்ததை றேடியோக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் கடைக்கு ஒருவனும் வரமாட்டான் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பெட்டியைக் கெட்டது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். ஆகவே அதைக் கெடுத்த கை யாருடையது என்பதையும் நானே சொல்லித் திரிந்தேன்.

அன்றைக்கு அவர் இரவல் கேட்ட என் குறட்டை எடுக்க மறந்து போயிருந்தார். ஜும்ஆ முடிந்ததும் காரைதீவுக்குச் சைக்கிள் மிதித்து அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். திருப்பித் தர வேண்டாம் என்றேன்.