பிராக்கெட் போடாத பி.காம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாவிட்டால், பையனிடம் ஏதோ கோளாறு என்று பேசிக்கொள்வார்கள். படிப்பை முடிக்காதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பி.ஏ.வோ பி.காமோ, அதைப் பிராக்கெட்டுக்குள் போட்டுவிடுவார்கள். காலேஜுக்குப் போனான், ஆனால் கரையேறவில்லை என்று பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போனபோது வில்லியனூர் பிரஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"முடிச்சாச்சா, இல்ல பிராக்கெட் போடணுமா?"

"இன்னா அண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? முடிக்காம இருப்பனா?" என்றேன். சொல்லும்போது கோபம் வேறு வந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் என்ற ஒரே ஒரு பேப்பரில் ஐந்து முறை தோற்றவனுக்கு வருகிற கோபம் தனி ரகம்.

ஆக, பத்திரிகையில் நான் பட்டதாரி. செல்லிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் நண்பர்கள் கட்டிய பேனரில், கூலிங்கிளாஸ் போட்ட பட்டதாரி. பாகூர் பக்கத்தில் பெண் கொடுத்த மாமனார் வீட்டில், உறவுக்காரர் யார் வந்தாலும் "நம்ம மாப்ள பி.காம்." என்று அறிமுகப்படுத்தப்படும் பட்டதாரி. ஒவ்வொரு முறையும் நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். அதைப் பார்த்து, படித்த பிள்ளைக்கு எவ்வளவு பணிவு பார் என்றார்கள்.

பட்டதாரி பார்த்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுப்பேன். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், மாணவர் உதவித்தொகை, எல்லாம் அத்துப்படி என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு டிகிரியை முடித்துவிட்டு இன்னொரு டிகிரி படிக்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குஷி. "ரெண்டாவது டிகிரிக்கெல்லாம் கவர்ன்மென்ட் பணம் தராதுப்பா, ரூல்ஸ் தெரியாம அலையாத" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வேன். சொல்லிவிட்டு ஜெராக்ஸுக்கும் காசு வாங்கிக்கொள்வேன்.

எதற்கெடுத்தாலும் இப்படி வாயாடுவதைப் பார்த்து, "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா" என்று ஊரில் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கிண்டலுக்குச் சொன்னது எனக்கு முப்பத்தோரு வயதுவரை புரியவில்லை. ப்ளஸ் டூவுக்குப் பிறகு சேரக்கூடிய ஐந்து வருட சட்டப் படிப்புக்கு, ஒரு தனியார் கல்லூரியில் மனுப் போட்டேன். இடமும் கிடைத்துவிட்டது. ஃபீஸைக் கேட்டதும் தலை சுற்றியது. உதவித்தொகை வந்தால் படிக்கலாம், வராவிட்டால் ஜெராக்ஸ் கடையே கதி. இதுதான் நிலைமை.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. இரண்டாவது டிகிரிக்குத்தானே பணம் கிடையாது? நான்தான் முதல் டிகிரியையே முடிக்கவில்லையே! ஊராரிடம் மறைத்துவைத்த தோல்வி இப்போது எனக்கே தகுதியாக வந்து நிற்கிறது. தோற்றதற்காகச் சந்தோஷப்பட்டவன் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உதவித்தொகை விண்ணப்பத்தில் 'முடித்த படிப்பு' என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று மட்டும் போட்டேன். பொய்யில்லை. ஆனால் அந்த உண்மை என் மனைவிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. பணமும் வர வேண்டும், மானமும் போகக் கூடாது. ஆசை யாரை விட்டது?

ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்ட வரச்சொல்லி உதவித்தொகை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் தனியாகப் போகிறேன் என்றேன். மனைவி விடவில்லை. ஒருமுறை ரேஷன் கார்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டு ஃபைல் என் கையில் தரப்படுவதில்லை. மடியில் ஃபைலோடு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூலக்குளம் நெரிசலில் பஸ் அரைமணி நேரம் நின்றது. நான் சட்டத்தைப் பற்றி அவளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே வந்தேன். அவளும் கேட்டுக்கொண்டே வந்தாள், பாவம்.

கவுண்டரில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. என் விண்ணப்பத்தையும் கிராம நிர்வாக அதிகாரி விசாரித்து எழுதிய குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"தம்பி, நீ ப்ளஸ் டூன்னு போட்டிருக்க. வி.ஏ.ஓ. உன்னை பி.காம். பட்டதாரின்னு எழுதியிருக்காரே?"

எனக்கு முழி பிதுங்கிவிட்டது. அந்த அதிகாரி என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனவர். பேனரைப் பார்த்திருக்கிறார், பத்திரிகையைப் படித்திருக்கிறார். அவருக்குத் தெரிந்ததை நேர்மையாக எழுதிவிட்டார். அவரை நான் எப்படிக் குறை சொல்வது?

"ரெண்டாவது டிகிரிக்குக் குடுக்க மாட்டாங்க தம்பி. ரிஜெக்ட்னு போட்டுடவா?"

"மேடம், மேடம், இருங்க" என்றேன்.

என் மனைவி முந்திக்கொண்டு, "ஆமாங்க மேடம், இவரு பி.காம்.தான்" என்றாள். அதில் எத்தனை பெருமை! எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள். பேனா 'ரிஜெக்ட்' எழுதத் தயாராக இருந்தது. ஒன்று வாயை மூடிக்கொண்டு பட்டதாரியாகவே வீட்டுக்குப் போக வேண்டும், இல்லை வாயைத் திறந்து வக்கீலாக வேண்டும்.

"இல்லீங்க மேடம்" என்றேன். "முடிக்கல. ஒரு பேப்பர் அரியர்."

"சத்தமா சொல்லு, ஃபேன் சத்தத்துல கேக்கல."

"அரியர் மேடம்! நான் ஃபெயிலு!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டினேன். என் முதல் வழக்கில் என்னையே குற்றவாளி என்று நிரூபித்துவிட்டேன். என் மனைவி இருந்த பக்கம் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் இல்லை.

அந்த அம்மா பட்டியலை நிதானமாகப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"மூணு வருஷமும் உதவித்தொகை வாங்கியிருக்கியே தம்பி."

"ஆமா மேடம், ஆனா முடிக்கலையே?"

"முடிச்சா இன்னா, முடிக்கலன்னா இன்னா? டிகிரி படிக்க ஒருவாட்டி குடுத்தாச்சு. அதே லெவலுக்கு ரெண்டாவது வாட்டி கிடையாது. நீ ஃபெயிலானதுக்கு கவர்ன்மென்ட் இன்னாப்பா பண்ணும்?"

அந்த விதியை நான் நூறு பேருக்கு ஓதியிருக்கிறேன். அதன் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஓதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பணமும் போச்சு, மானமும் போச்சு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும்.

அசடு வழியப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மனைவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்துவிடலாம், அதில் நான் கெட்டிக்காரன்.

அவள் திட்டவில்லை. "நம்ம கல்யாணம் நடந்த வருஷம் எனக்குக் காலேஜுல சீட்டு வந்துச்சு, தெரியுமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். பெண் பார்க்கப் போனபோதே மாமனார் சொன்னார். "காலேஜ் சீட்டு கெடக்குது விடுங்க, மாப்ள பி.காம்., இந்த மாதிரி இடம் திரும்ப வருமா?" என்றார். அன்றைக்கும் நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டு வருடமாக இதை ஒரு பெருமையாகத்தான் நினைத்துவந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது உடம்பெல்லாம் கூசியது. சிரிப்புக் காட்டித் தப்பிக்கிற வெட்கம் இல்லை அது.

"தப்புதான்" என்றேன்.

அவள் எழுந்தாள். வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று நானும் எழுந்தேன். அவள் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே கவுண்டருக்குப் போனாள்.

"மேடம், நான் ப்ளஸ் டூதான். காலேஜ் வாசப்படியே மிதிக்கல. ஒரு ரூபா வாங்கல. எனக்குக் குடுப்பாங்களா?"

"மொதல் டிகிரிதானம்மா? தாராளமா போடலாம். எங்கயாவது சீட்டு வாங்கிட்டு வா" என்றார் அந்த அம்மா. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம், "ப்ளஸ் டூல மார்க் எப்படி?" என்று கேட்டார்.

ஃபைல் கையில்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. ஆறு பாடத்தின் மார்க்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். இந்த எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவளிடம் நான் அதைக் கேட்டதில்லை.