ஒன்பது மணிக்கு நின்ற தண்ணீர்

விண்டர்தூர் ஆலைப் பக்கம் எல்ஸ்பெத் ஸோலிங்கரைத் தெரியாதவர்கள் குறைவு. காப்பியில் பாலை ஊற்றிவிட்டு, கலக்காமல் வேடிக்கை பார்க்கிற பெண்பிள்ளை வேறு யார் இருக்கிறாள்? "கலக்கிட்டா, அது தானா எந்தப் பக்கம் போகும்னு எப்படித் தெரியும்?" என்பாள். புருஷன் தலையில் அடித்துக்கொள்வான். அப்படிப்பட்டவளுக்குச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது, பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

அங்கே ஒரு கண்ணாடிக் கோபுரம். உள்ளே மடிப்பு மடிப்பான தகடுகளை, அடுக்குக்கு அடுக்கு குறுக்காகத் திருப்பி வைத்திருப்பார்கள். மேலிருந்து தண்ணீர், கீழிருந்து அமோனியா கலந்த காற்று. தண்ணீர் தகடு முழுக்க மெல்லிசாகப் படர்ந்து இறங்கினால் அமோனியாவை அதுவே வாங்கிக்கொள்ளும். வெளியே வருகிற காற்றில் நெடி இருக்காது. படராவிட்டால் மூக்கே சொல்லிவிடும்.

எழுபதுகளில் ஒரு வசந்தத்தில் புதுத் தகடுகள் மானத்தை வாங்கின. காலையில் நன்றாக இருக்கும். ஒன்பதரைக்கு மேல் நெடி குடலைப் புரட்டும். தகடுகளை வளைத்து அடுக்கியவன் ஓரெஸ்தே, வருஷத்துக்கு வருஷம் வேலை அனுமதி புதுப்பித்துக்கொண்டு இருக்கிற இத்தாலிக்காரன். பழி சுளுவாக அவன் தலையில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் அவன் ஊருக்குக் கிளம்பலாம்" என்றார் மேலாளர் பென்சிகர்.

"கோணலா அடுக்கியிருந்தா காலையில மட்டும் எப்படிங்க நேராகும்?" என்றாள் எல்ஸ்பெத்.

"அதையும் நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

விடுவாளா? வியாழக்கிழமை, ஒன்பது மணிக்குச் சிற்றுண்டிக்கான ஸ்நூனி மணி அடித்தது. மலையே சரிந்தாலும் அந்நேரம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ன எல்லாரும் எழுந்துவிடுவார்கள். நாம் இல்லாதபோது கோபுரத்துக்கு என்னதான் ஆகிறது, பார்த்துவிடுவோம் என்று அவள் மட்டும் ரொட்டியோடு அங்கேயே நின்றாள். நின்றவளின் இடது கை, சுவரிலிருந்த தண்ணீர்ப் பம்பு விசையை நோக்கிப் போயிற்று.

ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது, இயந்திரம் ஓடக் கூடாது என்று வளர்ந்த கை அது. தினமும் போகிறபோது நிறுத்தும், வந்ததும் போடும். அதை ஒரு காரியமாகவே அவள் நினைத்ததில்லை.

"அடிப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வழக்கம்போல் அமோனியாவை அடைத்துவிட்டுப் பம்பை நிறுத்திப் பார்த்தாள். காற்று கூடம் முழுக்க ஒரே குழாயில் வருவது, அது நிற்காது. ஊதி ஊதித் தகடுகளை உலர்த்திற்று. மறுபடி தண்ணீரைத் திறந்தால் படரவில்லை. உலர்ந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, நரம்பு நரம்பாகக் கிடைத்த வழியில் ஓடியது. சொரசொரப்பேறிய பழைய தகடுகளில் இது தெரிந்ததில்லை; புதுத் தகட்டின் வழவழப்பில் தண்ணீர் ஒட்டவில்லை. காலையில் முதல் வேலையாகக் கோபுரத்தை முழுக்க நிரப்பி, நனைத்து, வடிப்பார்கள். அதையே இப்போதும் செய்தாள். தகடெல்லாம் ஒரே ஈரப் பளபளப்பு. அமோனியாவைத் திறந்து முகர்ந்தாள், நெடியே இல்லை.

நேரே பென்சிகரிடம் போனாள். "ஓரெஸ்தே அடுக்கினது சரிதாங்க. கெடுத்தது என் கை."

அவர் முழுக்கக் கேட்டார். "நானா இருந்தாலும் நிறுத்திட்டுத்தான் போயிருப்பேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஓரெஸ்தே சிரிப்பான் என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடினாள். அவன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மூணு வாரமா இந்தக் கையத்தான் திட்டிக்கிட்டிருந்தேன், சிஞ்ஞோரா. நேத்து என் பொஞ்சாதிகிட்டயே சொல்லிட்டேன், தப்பு என்னோடதுதான்னு."

எல்ஸ்பெத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"சாயங்காலம் நானும் உன்கூட வீட்டுக்கு வரேன்" என்றாள். "அவகிட்ட நானே சொல்றேன்."